கீழ்வீட்டில் இருப்போர் பட்டியல்

வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்னால் தண்ணீர்த் தாங்கியைக் கழுவ வேண்டும், கௌசிகா. சுவருக்குப் பெயின்ட் பிறகு அடிக்கலாம். பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். குடிவந்த பிறகு தாங்கியைப் பற்றித்தான் பேசுவார்கள். உன் அப்பா சிவஞானம் நல்ல மனிதர், ஆனால் அந்தத் தாங்கியின் மூடியை அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. உள்ளே ஒரு சாண் சேறு இருக்கும்.

முந்தாநாள் நீ வந்து, "ராமாமிர்தம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லித் தரணும்" என்றாய். போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டாய். "உங்க கீழ்வீட்டில ஒரு டீச்சர் இருந்தாங்களே, அவங்களுக்கு என்னதான் ஆச்சு?" அடுப்பில் பால் இருந்ததால் நான் உள்ளே போய்விட்டேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே எழுதித் தருகிறேன். முப்பது வருஷமாக வீடு வாடகைக்கு விட்டவள் நான். டீச்சர் விஷயத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதினால் நான் சொல்வதற்கு அர்த்தம் இருக்காது.

வருகிறவர்களின் செருப்பைப் பார். வாசலில் அதை எப்படிக் கழற்றி வைக்கிறார்கள் என்று பார். சுலோஜனா டீச்சர் தொண்ணூற்று நான்கு தை மாதம் வந்தபோது தன் செருப்பையும் பிள்ளையின் சின்னச் சப்பாத்தையும் ஜோடியாகச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அப்போதே கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரி. பதுளையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்க நியமனம் கிடைத்திருந்தது. புருஷன் சுவிஸில். கூட இருந்தது லக்ஷிகா என்ற இரண்டு வயதுக் குழந்தை மட்டும். விசா வந்ததும் போய்விடுவேன், மிஞ்சினால் இரண்டு வருஷம் என்றாள்.

என் கீழ்வீடு உனக்குத் தெரியும். மேல்வீடு வீதியோடு, கீழ்வீடு சரிவில். நடுவில் நாற்பத்திரண்டு படி. அந்தப் படிகளை மழையில் பாசி பிடிக்காமல் வைத்திருந்தவள் டீச்சர்தான். சனிக்கிழமை தோறும் தேங்காய்த் தும்பைப் போட்டுத் தேய்ப்பாள். இருந்த காலம் முழுக்கச் சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. அப்படி ஒருத்தி கிடைத்தால் விட்டுவிடாதே.

குடியிருப்பவர்களிடம் அடிக்கடி போய் நிற்கக் கூடாது. மாதம் ஒரு தடவை போதும். பகலில், சொல்லிவிட்டுப் போக வேண்டும். வெறும் கையோடு போகாதே. வெலிமடையிலிருந்து மரக்கறி வருகிற அன்றைக்கு நான் ஒரு கட்டு லீக்ஸ் எடுத்துக்கொண்டு இறங்குவேன். "என்னத்துக்கு அம்மா உந்தப் படியெல்லாம் இறங்கிறியள்" என்று டீச்சர் ஓடி வருவாள். அந்தக் கட்டைக் கொடுத்துவிட்டு நின்ற நிலையிலேயே கூரை, கழிவறை, சமையலறை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

இனி முக்கியமானது. வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம். உள்ளே வந்தவர்கள் தாங்களாகப் போனால்தான் உண்டு. இதை யாரும் உனக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

தொண்ணூற்றாறு சித்திரையில் என் மகன் கிரிஷாந்தன் கொழும்பிலிருந்து பேசினான். வருகிற வருஷம் கல்யாணம், பதுளைக்கே வந்து அப்பாவின் புடைவைக் கடையைத் திரும்பத் திறக்கப் போகிறேன் என்றான். "ஆனா மேல்வீட்டில உங்களோட ஒண்ணா இருக்க அவ ஒத்துக்க மாட்டாம்மா. கீழ்வீட்டைக் காலி பண்ணி வைங்க. இல்லேன்னா நான் இங்கேயே இருந்துடுறேன்." அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. புருஷன் போன பிறகு ஆறு வருஷம் நான் தனியாக அந்த வீட்டில் சாப்பிட்டு எழும்பியிருக்கிறேன். ஒரே பிள்ளை திரும்பி வருகிறேன் என்று சொன்னால் எந்தத் தாயும் என்ன செய்வாளோ அதைத்தான் நானும் செய்தேன். இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி.

டீச்சரிடம் தன்மையாகத்தான் சொன்னேன். அவளும் தன்மையாகத்தான் பதில் சொன்னாள். "தேடிறன் அம்மா. எட்டு வீடு பாத்திட்டன். யாழ்ப்பாணம் எண்டு சொன்ன உடனை ஒருத்தரும் தருகினமில்லை. விசா வந்தா அண்டைக்கே வெளிக்கிட்டிடுவன்." அது பொய்யில்லை. அந்த வருஷங்களில் வடக்கு ஆட்களுக்கு வீடு கொடுக்க எல்லோரும் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

சட்டத்தரணி ஜுனைதீனிடம் போனேன். என் புருஷன் காலத்திலிருந்து பழக்கம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சிரித்தார். "கோர்ட்டுக்குப் போனா வீடு கட்டாயம் கெடைக்கும்மா. உங்க மகன் கல்யாணத்துக்கு இல்ல. மகனோட மகன் கல்யாணத்துக்கு." பிறகு, "அவங்களா மனசு வச்சுப் போனாத்தான். ஏதாவது பயம், சங்கடம்னு வந்தா ஆட்கள் தானாப் போயிருவாங்க" என்றார். சும்மா பேச்சுக்குச் சொன்னது. அவரை இதில் சேர்க்காதே.

சில பேர் இந்த இடத்தில் தண்ணீரை நிறுத்துவார்கள். ஃபியூசைக் கழற்றுவார்கள். ஒருவர் மழைக்காலத்தில் கூரைத் தகரத்தையே கழற்றினார். அதெல்லாம் கீழ்த்தரமான வேலை. வீதியில் நாலு பேர் பார்ப்பார்கள், உன் பெயர் கெட்டுவிடும். நான் டீச்சரிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆள் அனுப்பினேன்.

அந்த ஆடி மாதம் அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான். ஆரூரன், இருபது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த வழியில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். வவுனியாவில் மூன்று மாதம் முகாமில் கிடந்து, வெளியே போக அனுமதிக்கும் பாஸ் எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தான். அவனுக்கு அவள், அவளுக்கு அவன். அதற்கு மேல் சொந்தம் என்று சொல்ல ஆள் இல்லை. நல்ல பிள்ளை. என் கேஸ் சிலிண்டரைக் கடையிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வருவான். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

நீ அப்போது கண்டியில் விடுதியில் இருந்து படித்தாய், அதனால் இங்கே நடைமுறை எப்படி என்று எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்கள் எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய பட்டியல் ஒன்று பொலிஸில் இருக்க வேண்டும். அதன் பிரதி வீட்டில் இருக்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்து தங்கினால் சேர்க்க வேண்டும். வடக்கிலிருந்து வந்தவர் என்றால் உடனே சேர்க்க வேண்டும். வாடகைக்கு இருக்கிறவர்கள் போனால், வீட்டுக்காரரைக் கூட்டிவா என்று திருப்பி அனுப்புவார்கள். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே பட்டியல்தான். அதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான். எனக்குச் சிங்களம் தாய்மொழி மாதிரி. கடையில் நின்று பழகியது. டீச்சருக்குச் சந்தையில் கரட்டுக்கு விலை கேட்கிற அளவுதான் தெரியும். தம்பிக்கு அதுவும் தெரியாது.

வந்த மறுநாள் காலையிலேயே டீச்சர் கணிதக் கொப்பியின் கட்டம் போட்ட தாளில் அவனுடைய விபரத்தை எழுதிக்கொண்டு மேலே வந்தாள். பெயர், பிறந்த திகதி, இலக்கம், பாஸ் எடுத்த இடம். அச்சடித்த மாதிரி எழுத்து. "அம்மா, இண்டைக்கே குடுத்திடுவியளோ? பதியாமல் கிடந்தா எனக்கு நித்திரை வராது."

"கொடுங்க டீச்சர். இன்னைக்கு அந்தப் பக்கம்தான் போறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் போகத்தான் செய்தேன். தாள் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. சாயங்காலம் அவள் கேட்டபோது, "கொடுத்தாச்சு, நிம்மதியாத் தூங்குங்க" என்றேன். அவளைத் தூங்க வைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், ஒரு பெயரை எழுதவில்லை, அவ்வளவுதான். ஒருவரை அடித்தேனா, திட்டினேனா. ஒரு நாள் வந்து கேட்பார்கள், பையனை இரண்டு நாள் வைத்திருப்பார்கள், டீச்சருக்குப் பதுளை வேண்டாம் என்று ஆகிவிடும், கொழும்புக்கோ எங்கேயோ போய்விடுவாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் என்று நான் நினைத்ததை நீ நம்ப வேண்டும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீதியை இரண்டு பக்கமும் மறித்தார்கள். பொலிஸும் ஆமியும் வீடு வீடாக வந்தார்கள். டீச்சர் அப்போதுதான் படியைத் தேய்க்கத் தொடங்கியிருந்தாள். கையில் தும்பு இருந்தது. அதிகாரி இளம் வயது, மரியாதையானவர். பட்டியலைக் கேட்டார். எடுத்து வந்து கொடுத்தேன். கீழ்வீடு, இரண்டு பேர். முற்றத்தில் மூன்று பேர் நின்றார்கள்.

"மே கவுத, நோனா?" என்று ஆரூரனைக் காட்டி என்னிடம் கேட்டார். இது யார் என்று.

"தன்னே நே, மாத்தயா" என்றேன். தெரியாது என்று.

டீச்சருக்கு அந்த இரண்டு சொல் விளங்கியிருக்கும். ஆனால் காதில் விழவில்லை. குழந்தை அழுதுகொண்டிருந்தது, அவள் படபடவென்று என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மா, சொல்லுங்கோ, இவன் என்ரை சொந்தத் தம்பி. ரெண்டரை மாசமா இங்கைதான் இருக்கிறான். பேர் விபரம் எல்லாம் அப்பவே குடுத்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ. நீங்கள்தானே கொண்டுபோய்க் குடுத்தனீங்கள்."

அதிகாரி, என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார்.

தூரத்துச் சொந்தம் என்கிறாள், முந்தாநாள்தான் வந்தானாம், எதற்கு வந்தான் என்று அவளுக்கும் சரியாகத் தெரியாதாம், பதிய வேண்டாம் என்று அவன்தான் சொன்னானாம் என்று சிங்களத்தில் சொன்னேன். நான் ஒவ்வொரு வசனமாகச் சொல்லச் சொல்ல, டீச்சர் அதிகாரியைப் பார்த்து ஓம் ஓம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஈரத் தும்பு என் சேலையில் பட்டது.

அவனுக்குச் சேர்ட் போடக்கூட நேரம் கொடுக்கவில்லை. வரிசையில் வந்து லொறியில் ஏறும்போது என் பக்கம் திரும்பி, "அம்மா, அக்காவைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான்.

திங்கட்கிழமை டீச்சர் என்னைப் பொலிஸுக்குக் கூட்டிப் போனாள். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். பொறுப்பதிகாரியின் அறைக்குள் ஒருவர்தான் போகலாம் என்றார்கள், அதுவும் சிங்களம் தெரிந்தவர். நான் போனேன். கால் மணி நேரம் உள்ளே இருந்தேன். எங்கள் வீதி முனையில் குடித்துவிட்டு வம்புக்கு நிற்கிறவர்களைப் பற்றிச் சொன்னேன். குறித்துக்கொண்டார், அடுத்த வாரமே ஆள் அனுப்பினார். வெளியே வந்து டீச்சரின் தோளைத் தொட்டு, "எவ்வளவோ சொன்னேன் பிள்ளை. பட்டியல்ல பேர் இல்லைங்கிறாங்க. நான் கொடுத்த கடுதாசியை அவங்கதான் எங்கேயோ தொலைச்சிருக்காங்க. அங்க மலை மாதிரிக் குவிஞ்சு கெடக்கு" என்றேன். அவள் என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவளையும் குழந்தையையும் முச்சக்கர வண்டி பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தவள் நான்தான். ஒரு வாரம் மூன்று வேளையும் மேல்வீட்டிலிருந்து சாப்பாடு போனது.

தபால் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரே வளவில் இரண்டு வீடு இருந்தால் இரண்டு தபால் பெட்டி வைத்துவிடு. அப்போது எங்களுக்கு ஒரே விலாசம், ஒரே பெட்டி, அதுவும் என் கேட்டில். தபால்காரருக்கு முழங்கால் வலி, படி இறங்க மாட்டார். டீச்சருக்கு வருவதையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "நீங்களே குடுத்துருங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்பார்.

மாசியில் முதல் கடிதம் வந்தது. தெற்கே ஒரு தடுப்பு முகாமிலிருந்து. ஒட்டியிருந்தது கெட்டியாகவும் இல்லை, கேத்தல் ஆவியில் தானாகத் திறந்தது. அக்காவின் எழுத்து மாதிரியே அச்சடித்த எழுத்து. தான் சுகம், யாரும் இப்போது அடிப்பதில்லை, லக்ஷிகாவுக்குப் பல் விழுந்துவிட்டதா என்றெல்லாம் எழுதியிருந்தான். கடைசியில்: வீட்டுக்கார அம்மா ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம் அக்கா. இவன் என் வீட்டில்தான் இருந்தான், பதியும்படி விபரம் தந்திருந்தார்கள் என்று கிராம சேவகருடைய கையெழுத்தோடு கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். அவ கட்டாயம் தருவா.

ஒரு கையெழுத்து. நான் யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அப்படி எழுதினால், விபரத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்காதது யார் என்ற கேள்வி வரும். வயசான காலத்தில் ஸ்டேஷன் வாசலில் நிற்க முடியுமா. கடிதத்தை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்தேன். எரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தை எரிக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

டீச்சர் எழுதாத இடமில்லை. செஞ்சிலுவைக்கு எழுதினாள், மனித உரிமை ஆட்களுக்கு எழுதினாள். பதில்கள் வரத்தான் செய்தன. எல்லாம் என் கேட்டில் இருந்த பெட்டிக்குத்தான் வந்தன. அவன் எழுதியது மொத்தம் பதினொரு கடிதம். இரண்டாவதைக் கொடுத்தால் முதலாவது எங்கே என்று கேட்பாள். ஒன்றைக் கொடுக்காவிட்டால் பிறகு எதையும் கொடுக்க முடியாது. அது உனக்கே விளங்கும்.

இந்த இடத்தில் நான் ஒரு பிழை விட்டேன். அதை ஒப்புக்கொள்கிறேன், உனக்குப் பாடமாக இருக்கட்டும். ஒரு குடும்பத்தை வீட்டிலிருந்து எழுப்ப வேண்டும் என்றால் அவர்களில் ஒருவரை மட்டும் பிரிக்கக் கூடாது. மிச்சம் இருப்பவர்கள் பிறகு அசைய மாட்டார்கள். தொண்ணூற்றெட்டில் அவளுக்கு விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே வந்து என் சமையலறையில் நின்றாள். நான் சந்தோஷப்பட்டு இனிப்பு எடுக்கப் போனேன். "நான் போகேல்லை அம்மா" என்றாள். "அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்டுதான். வந்து கதவைத் தட்டேக்கை நான் இல்லாட்டி அவன் எங்கை போவான்?"

யாரை அனுப்பினால் இவள் போவாள் என்று நினைத்தேனோ, அவனுக்காகவே இவள் உட்கார்ந்துவிட்டாள். கிரிஷாந்தன் அதற்குள் கல்யாணம் முடித்துக் கொழும்பிலேயே வீடு எடுத்துவிட்டான். மறுவருஷம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். கீழ்வீடு காலியாக இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவன் அப்படிச் சொல்லவில்லை. அவன் பெண்சாதிக்குப் பதுளைக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றுதான் சொன்னான். ஆனால் ஒரு தாய்க்குத் தெரியாதா.

அப்படியென்றால் பிறகு ஏன் டீச்சரை அனுப்பினீர்கள் என்று நீ கேட்பாய். அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை, கௌசிகா. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டடியில் நின்று, "தபால் ஏதும் வந்ததோ அம்மா?" என்று கேட்பாள். மூன்று வருஷம் கேட்டாள். ஒரு மனுஷி எவ்வளவு நாளைக்குத்தான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது. எனக்கு இரத்த அழுத்தம் வந்ததே அதனால்தான். மனசில் ஏதாவது பாரமா என்று டொக்டர் கேட்டார். குடியிருக்கிறவர்களால் ஒரு தொந்தரவு என்றேன்.

தொண்ணூற்றொன்பது ஆவணியில் அவள் புருஷன் கடைசி எச்சரிக்கையாக எழுதிவிட்டான். பிள்ளைக்கு ஏழு வயது. நான் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். "பிள்ளைக்குத் தகப்பன் வேணும். தம்பிக்கு நான் இருக்கேன்ல. இந்த வீட்டை வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன். அவன் எப்ப வந்தாலும் கதவு திறக்கும். வந்த அன்னைக்கே உனக்குத் தந்தி அடிக்கிறேன்." அவள் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். சுவிஸ் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் அதே கட்டம் போட்ட தாளில் எழுதித் தந்தாள். ஒரு புதுச் சேர்ட்டும் தந்தாள், இன்னும் பெட்டி பிரிக்காதது. அன்றைக்குச் சேர்ட் இல்லாமல் கொண்டுபோனார்கள் என்பதை அவள் மறக்கவில்லை. காலையில் படி முழுவதையும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கொழும்பு ரயிலுக்குப் போனாள்.

குடியிருந்தவர்கள் போனதும் அன்றைக்கே உள்ளே போய்ப் பார்த்துவிடு. நான் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. சொன்ன வாக்குப்படி நான் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. இன்றைக்கும் பூட்டித்தான் இருக்கிறது.

இரண்டாயிரத்து இரண்டு, பங்குனி. சமாதான ஒப்பந்தம் வந்து ஒரு மாதம் இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு யாரோ கேட்டைத் தட்டினார்கள். மெலிந்த ஒரு ஆள், முன்பக்கம் தலைமுடி கொட்டியிருந்தது, கையில் ஒரு பொலித்தீன் பை. "அம்மா, என்னைத் தெரியேல்லையோ" என்றான். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயதுதான். நாற்பது சொல்லலாம். படியை எட்டிப் பார்த்து, "அக்கா பள்ளிக்கூடத்தாலை வந்திட்டாவோ?" என்றான்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படி. வீடு காலி. மகன் வரப்போவதில்லை. அந்த ஆளால் எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. விலாசம் மேசை லாச்சியில் இருந்தது. எழுந்துபோய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் பேசினால் அவன், பதினொரு கடிதம் போட்டேன் என்பான். அவள், ஒன்றும் வரவில்லையே என்பாள். பிறகு பட்டியல், அந்தச் சனிக்கிழமை, ஒவ்வொன்றாக வரும். முப்பது வருஷம் வீடு வாடகைக்கு விட்டு நான் சம்பாதித்தது நல்ல பெயர் ஒன்றுதான். தெரியாது, எங்கேயோ போய்விட்டாள் என்று சொன்னால் அவன் தேடத் தொடங்குவான். தேடினால் கிடைத்துவிடும்.

அவனை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு சொன்னேன், அவனைக் கொண்டுபோன வருஷமே அக்காவுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் நாலு நாள், காப்பாற்ற முடியவில்லை. தகப்பன் வந்து குழந்தையைக் கொண்டுபோய்விட்டான், எந்த நாடு என்று தெரியாது. நாங்கள்தான் முன்னின்று எரித்தோம், சாம்பலைப் பதுளு ஓயாவில் கரைத்தோம்.

அவன் கத்தவில்லை. மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "அதுதான் அக்கா ஒரு கடிதத்துக்கும் பதில் போடேல்லை" என்றான். "நான் அவவைப் பிழையா நினைச்சிட்டன் அம்மா. என்னைக் கைவிட்டிட்டா எண்டு அஞ்சு வருஷமா நினைச்சுக்கொண்டிருந்தன்." அவன் முகம் தெளிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஐந்து வருஷத்துப் பாரம் ஒரு நிமிஷத்தில் இறங்கியது. அதை இறக்கி வைத்தவள் நான்தான் என்று எனக்கு ஒரு நிம்மதி. என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கடைசி வரைக்கும் அக்காவோடு இருந்தீர்களே என்றான். அந்தச் சேர்ட்டை எடுத்துக் கொடுத்தேன், தோளில் தொளதொளவென்று இருந்தது. இரண்டரை மணி பஸ்ஸில் போனான். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "போறதுக்கு ஓரிடமும் இல்லை, பாப்பம்" என்றான். பிறகு அவனைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை.

டீச்சர் வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுகிறாள். பொங்கலுக்கு ஒன்று, அவன் பிறந்த நாளுக்கு ஒன்று. எனக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்பாள். அடியில் எப்போதும் ஒரே வரி: தம்பி வந்தவனோ அம்மா?

போன பொங்கலுக்கு வந்ததற்கும் பதில் எழுதிவிட்டேன். கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கக் கூடாது, அது மரியாதையில்லை. இன்னும் வரவில்லை பிள்ளை, வீடு அப்படியே இருக்கிறது, அவன் வந்தால் பசியோடு அனுப்ப மாட்டேன், அதை மட்டும் நீ நம்பலாம் என்று எழுதினேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை, கௌசிகா. அவன் வந்த அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாடுதான். இரண்டு தரம் சோறு போட்டுத்தான் அனுப்பினேன்.